குளக்கரையிலிருந்து நூறடி

சென்னைக் கடற்கரையில், திருவல்லிக்கேணியை அடுத்து, வட்ட வடிவில் முகப்பமைந்த பழைய கட்டடம் ஒன்று நிற்கின்றது. விவேகானந்தர் 1897-இல் மேனாட்டுப் பயணம் முடித்துத் திரும்பியபோது அங்கே தங்கியிருந்தார். அதனால் அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது. ஆயினும் அவ்வட்டார மக்களின் நாவில் அதன் பெயர் ஐஸ் ஹவுஸ் என்பதே. பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர் என்பாரின் குழுமம் 1842-இல் அதனைக் கட்டியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளங்கள் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். அவற்றின் மேற்பரப்பை வாளால் அறுத்து, கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிப் பல மாதப் பயணத்தின்பின் சென்னைக்குக் கொண்டுவந்து சேமித்த கிடங்கே அது. நம் பக்கத்திலும் இவ்வாணிகம் தலைகாட்டியது. வாம்போவா என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே, 1854-இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கைத் தொடங்கி, அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியை விற்றார்.

நம் மாணவர்க்குத் தோரோவைக் காந்தியடிகளோடு இணைத்தே அறிமுகம் செய்கின்றோம். அவர் நிலம் அளந்து பிழைத்தவர் என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றோம். கான்கார்டு என்னும் ஊரில் வால்டன் குளத்தின் கரையில் 1845 முதல் 1847 வரை குடில் அமைத்து வாழ்ந்த அவர், 1846-இல் உறைந்த குளத்தின்மேல் நடந்து, துளையிட்டுக் கயிறு இறக்கி, அதன் ஆழங்களை அளந்து படம் வரைந்தார். மிக ஆழமான இடம் 102 அடி எனக் கண்டார். அதற்கடுத்த குளிர்காலத்தில் நூறு ஆள்கள் அக்குளத்தில் இறங்கிப் பனிக்கட்டி அறுத்ததையும் அவர் பார்த்து எழுதியுள்ளார். சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழ்வோர் தம் குளத்து நீரைப் பருகப்போகின்றனர் என்ற எண்ணம் அவரை வியப்பில் ஆழ்த்தியது.

நூறு பேர் வந்து ஒரு குளத்தின் மேற்பரப்பையே அறுத்துச் செல்லும்போது, அக்குளம் யாருடையது என்னும் கேள்வி எழத்தானே வேண்டும்?

அம்மாநிலத்தில் அக்கேள்வி தோரோவுக்கு இரு நூற்றாண்டு முன்னரே எழுந்து, ஓரளவு விடையும் பெற்றிருந்தது. ஆங்கிலேயர் அங்குக் குடியேறிய தொடக்க நாளில், 1641-இல் வகுக்கப்பட்ட உரிமைத் தொகுப்பு ஒன்று, பெருங்குளங்களில் மீன் பிடிக்கவும் பறவை வேட்டையாடவும் குடும்பத் தலைவர் யாவர்க்கும் உரிமை உண்டு எனக் கூறியது. பத்து ஏக்கருக்கு மேற்பட்டது பெருங்குளம் என்று 1647-இல் வரையறை செய்யப்பட்டது. பிறர் நிலத்தின் ஊடே நடந்து அக்குளத்தை அடையவும் உரிமை தரப்பட்டது. விளைந்த பயிரையும் புல்வெளியையும் மிதித்தல் மட்டும் ஆகாது. வால்டனும் இத்தகைய பெருங்குளமே. இங்கிலாந்தில் குளமும் அதில் நீந்தும் மீனும் பெருநிலக்கிழாருக்கு உரியனவாய் இருந்த நாளில், அங்கிருந்து புறப்பட்டு வந்தவர்கள் இவ்வாறு வகுத்தனர் என்பது கருதத்தக்கது. ஆனால் அந்நிலங்களில் அதற்கு முன்பே வாழ்ந்து, அதே குளங்களில் மீன் பிடித்து வந்த தொல்குடி மக்களை அவர்கள் கேட்டு வகுக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

நீர் பளபளவெனத் தெரியும் குளத்துக்குக் கிடைத்த இம்மதிப்பு, அதன் ஓரத்துச் சதுப்புக்குக் கிடைக்கவில்லை. ஒருமுறை என் வகுப்பில் குளம் வரையச் சொன்னேன். எல்லாரும் தாமரை வரைந்தனர். சதுப்பு நிலம் வரையச் சொன்னேன். முதலையும் கொசுவும் வரைந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சட்டமன்றத்தாரின் எண்ணமும் இப்பிள்ளைகளின் எண்ணத்தினின்று வேறுபட்டதன்று. 1850-இல் அமெரிக்க நடுவண் அரசு, சதுப்பு நிலங்களை வடித்துப் பயன்படுத்துக என்று பல மாநிலங்களுக்கு வாரி வழங்கியது. பாஸ்டன் நகரில் பேக் பே எனப்படும் பகுதி, கடல் ஏறி இறங்கும் கழியாக இருந்தது. 1850களின் இறுதியில் தொடங்கி, இருப்புப்பாதை வழியே மண் கொணர்ந்து கொட்டி, அதனை நிரப்பிச் செல்வர் மாளிகைகள் எழுப்பினர். நாட்டின் தொடர்ந்த நிலப்பரப்பிலுள்ள 48 மாநிலங்களில் 1780களில் இருந்த சதுப்பு நிலத்தில் பாதிக்கும் மேல் 1980களுக்குள் அழிந்தது என்பது 1990-இல் அந்நாட்டு மீன், வனவிலங்குத் துறை வெளியிட்ட கணக்கு. மாசசூசெட்ஸில் அழிந்தது 28 விழுக்காடு.

இவ்வழிவைத் தடுக்கும் முயற்சி தலைநகரிலிருந்து தொடங்கவில்லை என்பதே இவ்வரலாற்றில் என்னைக் கவர்ந்த செய்தி. இப்ஸ்விச் என்னும் கடலோரச் சிற்றூரார் தம் உவர்ச் சதுப்பைக் காக்க முனைந்தபோது, அவ்வாறு காப்பதற்கு ஊருக்குச் சட்டப்படியான அமைப்பு எதுவும் இல்லை என்று கண்டனர். அவர்கள் எழுப்பிய வேண்டுகோளின் பயனாக 1957-இல் மாநிலச் சட்டமன்றம், ஊர்தோறும் இயற்கைக் காப்புக் குழு அமைத்துக்கொள்ள இசைவளித்தது. மூவர் முதல் எழுவர் வரை உறுப்பினர், மூன்றாண்டுப் பதவி, ஊதியம் இல்லை. அக்குழுவுக்கு முதலில் அதிகாரமும் இல்லை. ஊரின் குளம், ஓடை, சதுப்புகளைக் கணக்கெடுக்கலாம், நிலத்தை வாங்கலாம், அறிவுரை கூறலாம். அவ்வளவே. எனினும் ஊர் ஊராக அவை பரவின. இன்று அம்மாநிலத்தின் 351 ஊர், நகரங்களிலும் இக்குழு உண்டு.

அதிகாரம் பின்னரே வந்தது. 1963-இல் கடலோரச் சதுப்பைக் காக்கும் சட்டமும் 1965-இல் உள்நாட்டுச் சதுப்பைக் காக்கும் சட்டமும் இயற்றப்பட்டன. இரண்டும் 1972-இல் ஒரே சட்டமாக இணைக்கப்பட்டபோது, ஆய்ந்து முடிவுசெய்யும் பொறுப்பு ஊர்க் குழுவின் கையில் வைக்கப்பட்டது.

இடையில் நிலவுடைமையாளரின் குரலும் கேட்டது. அதனை இகழ்ந்து ஒதுக்குதல் நேர்மையன்று. வேர்ஹாம் என்னும் ஊரில் பிராட் மார்ஷ் என்ற உவர்ச் சதுப்பை விலைக்கு வாங்கிய கட்டடக் குழுமம் ஒன்று, அதனை நிரப்பி வீடுகள் எழுப்ப எண்ணியது. சிப்பியும் மீனும் வளரும் இடம் அது என்று அரசு தடுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1965-இல் தீர்ப்புரைத்த நீதிபதிகள், மீன்வளம் காத்தல் பொதுநன்மையே என ஒப்புக்கொண்டனர். ஆனால், நிலத்துக்குரியவர் கையில் பயன் எதுவும் எஞ்சாவிடில், அது இழப்பீடு தராமல் நிலத்தைப் பறித்தலுக்கு ஒப்பாகாதா என்றும் கேட்டு, உண்மைகளை மீண்டும் ஆராய்க என்று வழக்கைக் கீழ்நீதிமன்றத்துக்குத் திருப்பினர். தோட்டத்தில் பிறந்து, முப்பதாண்டுத் தவணை கட்டி ஒரு வீட்டுமனைக்கு உரியவனான எனக்கு அவ்வினாவின் கனம் தெரியும். வாங்கிய மண்ணில் ஒரு மூலையைத் தொடாதே என்று பக்கத்து வீட்டுக்காரர் ஏழுபேர் கூடிச் சொன்னால் எவர்க்கும் உள்ளம் கொதிக்கத்தான் செய்யும்.

ஆகவே அவ்வேழு பேரும் எவ்வாறு சொல்கின்றனர் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

சட்டத்தின் நடுவே நான்கு வினைச்சொற்கள் உள்ளன: அகற்றுதல், நிரப்புதல், தோண்டுதல், மாற்றுதல். காக்கப்பட்ட சதுப்பிலோ குளக்கரையிலோ இவற்றுள் ஒன்றைச் செய்ய விரும்புவோர் முன்கூட்டியே குழுவுக்கு எழுத வேண்டும். வேலை சதுப்பிலேயே நடக்க வேண்டும் என்பதில்லை. அதன் விளிம்பிலிருந்து நூறடிக்குள் நடந்தாலும் எழுத வேண்டும். நூறடிக்குள் வேலையே கூடாது என்று இதற்குப் பொருளன்று. கேட்காமல் கூடாது என்பதே பொருள். சேறு வழிந்து குளத்தில் இறங்குமா, கழிவுநீர் எங்கே போகும், நிழல் தரும் மரங்கள் எத்தனை வீழும் என்றெல்லாம் முன்னரே கேட்கப்படும். அண்டை நிலத்தார்க்கு அறிவிப்புப் போகும், செய்தித்தாளிலும் வரும். விண்ணப்பம் கிடைத்த 21 நாளுக்குள் பொது விசாரணை தொடங்க வேண்டும். விசாரணை முடிந்த 21 நாளுக்குள் முடிவு எழுதப்பட வேண்டும். பெரும்பாலும் முடிவு மறுப்பாக இராது. நிபந்தனைப் பட்டியலாக இருக்கும். வைக்கோற் கட்டுகளை வரிசையாக இட்டுச் சேற்றைத் தடுக்க வேண்டும், வேலியைப் பத்தடி பின்னே தள்ள வேண்டும் என்பன போன்றவை அவை. முடிவில் குறை காண்போர் மாநிலத் துறைக்கு மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பித்தவர்க்கும் அண்டை நிலத்தார்க்கும் மட்டுமன்றி, அவ்வூரில் வாழ்வோர் பத்துப் பேர் ஒன்றுசேர்ந்தாலும் அவ்வுரிமை உண்டு.

விளிம்பு எங்கே என்பதுதான் பூசலுக்குரிய இடம். குளத்துக்குக் கரை தெரியும். சதுப்புக்குக் கரை ஏது? அங்கே செடிகளே சாட்சி. ஈரத்தில் வளரும் செடிகள் பாதியோ அதற்கு மேலோ நிற்குமிடம் சதுப்பு எனக் கொள்வர். ஐயம் எழுந்தால் மண்ணைத் துளைத்து அதன் நிறத்தையும் பார்ப்பர். நீர் தேங்கிக் கிடந்த மண் சாம்பல் நிறமாக மாறியிருக்கும். விளிம்பு நெடுகிலும் எண்ணிட்ட வண்ண நாடாக்களைக் கட்டிவிட்டு, குழுவினர் முழங்கால் காலணியோடு அவ்வழி நடந்து, ஒவ்வொரு நாடாவையும் ஏற்கின்றனர் அல்லது நகர்த்துகின்றனர். நாடா ஒன்று மூன்றடி நகர்ந்தால் ஒருவர் வீட்டின் சமையலறை நகரும். தாவரவியல் இவ்வளவு கூர்மையாக ஊராட்சியில் நுழைந்த வேறோர் இடத்தை நான் அறியேன்.

இக்காவலால் பயன் உண்டா என்பதற்குச் சார்ல்ஸ் ஆறு சான்று கூறும். பாஸ்டனில் கடலோடு கலக்கும் அவ்வாற்றின் வெள்ளத்தைத் தடுக்கும் வழியை ஆராய்ந்த இராணுவப் பொறியாளர் படை, 1972-இல் வியப்பான அறிக்கை ஒன்றைத் தந்தது. அணை கட்டிப் பழகியவர்கள், மேலாற்றில் புதிய அணை வேண்டாம் என்றனர். ஆற்றின் மேற்பகுதிச் சதுப்புகளே மழைநீரை வாங்கி வைத்து மெல்ல மெல்ல விடுவதால் அவற்றை வாங்கிக் காத்தால் போதும் என்றனர். நாடாளுமன்றம் 1974-இல் இதனை ஏற்றது. 17 இடங்களில் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட சதுப்பு, நேரே வாங்கியும் பயன்பாட்டு உரிமையைப் பெற்றும் காக்கப்பட்டது. அணைக்கு ஏறத்தாழ 100 மில்லியன் அமெரிக்க வெள்ளி ஆகும் என்ற இடத்தில், இதற்கு ஆனது ஏறத்தாழ 10 மில்லியனே.

குறையும் உண்டு. சிறு அளவு சதுப்பை, 5,000 சதுர அடி வரை, நிரப்பிக்கொண்டு அதற்கு ஈடாக வேறிடத்தில் புதுச் சதுப்பு அமைத்துத் தர விதி இடம் அளிக்கின்றது. இவ்வாறு அமைத்தவற்றை ஆய்ந்து மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2001-இல் வெளியிட்ட கட்டுரை, பாதிக்கும் மேற்பட்டவை விதிப்படி அமையவில்லை என்று காட்டியது. சில இடங்களில் அமைக்கும் முயற்சியே நடக்கவில்லை. தாளில் எழுதிய சதுப்பில் தவளை கத்தாது.

மாநிலச் சட்டம் போதாது எனக் கருதிய ஊர்கள் தம் துணைவிதிகளைக் கடுமையாக்கின. கேப் காட் பகுதியிலுள்ள டென்னிஸ் என்னும் ஊரில், ஈரநிலத்தின் வழியே சாலை அமைக்க விரும்பியவர்க்கு ஊர்க்குழு தன் துணைவிதியைக் காட்டி மறுப்புரைத்தது. 1979-இல் உச்ச நீதிமன்றம், மாநிலம் இட்டது அடித்தளம், அதற்குமேல் ஊர் உயர்த்திக்கொள்ளலாம் என்ற கருத்தில் ஊரின் பக்கமே தீர்ப்புரைத்தது. 1996-இல் ஆறுகளுக்குத் தனிச் சட்டம் வந்தபோது, நூறடி பல இடங்களில் இருநூறடியாயிற்று.

ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டிய ஒன்று இன்னும் உளது. வசந்தத்தில் நீர் நிறைந்து கோடையில் வற்றிவிடும் குட்டைகள் அம்மாநிலக் காடுகளில் பல. வற்றுவதால் மீன் இராது. மீன் இராததால் காட்டுத் தவளையும் சலமாண்டரும் அச்சமின்றி முட்டையிடும். கோடையில் வந்து பார்க்கும் பொறியாளர் கண்ணுக்கு அது வெறும் பள்ளமே. அது குட்டை என்று சான்று பெற, முட்டைத் திரளைப் படமெடுத்து மாநிலத் துறைக்கு அனுப்ப வேண்டும். ரெடிங் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1990களில் சங்கம் அமைத்து இப்பணியைச் செய்தனர். பிற பள்ளிகளுக்கும் வழி காட்டினர். ஈயம் தோண்டிய குட்டைகளின் ஓரத்தில் வளர்ந்த நான், அங்கே ஓடியாடிய நாளில் ஒருநாளும் குனிந்து முட்டைகளைப் பார்த்ததில்லை.

2023 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நடுவண் அரசின் நீர்ச் சட்டம் காக்கும் சதுப்புகளின் எல்லையைப் பெரிதும் சுருக்கியது. நிலையான நீர்நிலையோடு மேற்பரப்பில் தொடர்ந்து இணைந்திராத சதுப்புகள் அக்காவலை இழந்தன. தனிச் சட்டம் இல்லாத மாநிலங்களில் அவற்றுக்கு இனி வேறு காவல் இல்லை. மாசசூசெட்ஸில் ஊர்க் குழுவின் ஆய்வு அதனால் மாறவில்லை.

அங்கே இன்றும் குளத்துக்கருகே வேலை தொடங்குமுன் இரண்டு செயல்கள் நடந்தாக வேண்டும். குழுவின் ஆணை நிலப்பதிவு அலுவலகத்தில் அந்நிலத்தின் பத்திரத்தோடு பதிவாக வேண்டும். மாநிலத் துறை தந்த கோப்பு எண்ணை எழுதிய பலகை, வழிப்போக்கர் காண, வேலையிடத்தில் நிற்க வேண்டும். வேலை முடிந்தபின் குழுவினர் மீண்டும் வந்து பார்த்து, நிபந்தனைகள் நிறைவேறின எனச் சான்று தருவர், அதுவும் பதிவாகும். அச்சான்றை வாங்க மறந்தவர், பத்து இருபது ஆண்டு கழித்து வீட்டை விற்க முற்படும்போது, வாங்குவோரின் வழக்கறிஞர் பழைய ஆணையை எடுத்துக் காட்டுவார். விற்பனை அங்கே நிற்கும். விற்பவர் குழுவுக்கு எழுதுவார். முழங்கால் காலணி அணிந்த சிலர், ஒரு மாலைப்பொழுதில், குளக்கரையிலிருந்து நூறடியை மீண்டும் அளக்க வருவர்.