அடுத்த வாரமும் வந்த டாக்டரம்மா

டாக்டரிடம் போகிறோம். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, ‘ஒரு வாரம் கழிச்சு வந்து காட்டுங்க’ என்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டால் நம்மில் எத்தனை பேர் திரும்பப் போகிறோம்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்!

பெரியவர்களுக்குச் சரி. ஆனால், குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்து தப்பிப் பிழைத்த குழந்தைக்கு, அந்தத் ‘திரும்ப வாங்க’தான் பாதி மருந்து. இதைச் சீக்கிரமே புரிந்துகொண்ட ஊர் வேலூர்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கட்டர். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டால், ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் செத்துப்போன திண்டிவனம் சம்பவம்தான் அவரை டாக்டராக்கியது. இது உங்களுக்குத் தெரிந்த கதை. அதற்கப்புறம் நடந்ததுதான் நமக்கு முக்கியம்.

1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியத்தை ஆரம்பித்த ஐடா, நோயாளிகள் தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. மாட்டுவண்டி, பிறகு பியூஜோ கார் என்று குடியாத்தம் சாலையில் வாராவாரம் கிளம்பிவிட்டார். மரத்தடிதான் ஆஸ்பத்திரி! இந்த வாரம் பார்த்த நோயாளியை அடுத்த வாரமும் அதே சாலையில் பார்க்கலாம். ‘ஃபாலோ-அப்’ என்று நாம் இன்று சொல்வது அதைத்தானே?

பின்னாளில் அதே ஊரில் இது பெரிய ஆராய்ச்சியாகவே வளர்ந்தது. 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் எடை, உயரத்தையெல்லாம் குறித்து வைத்தார்கள். சிறுவயதிலும் வாலிப வயதிலும் மறுபடி அளந்தார்கள். விட்டார்களா என்றால், இல்லை! 1998-2002-ல் அவர்களில் 2,218 பேரைத் தேடிப்பிடித்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 26 முதல் 32 வரைதான். அந்த இளவயதிலேயே பலருக்கு ரத்தத்தில் சர்க்கரைக் கோளாறு! டெல்லியில் நடந்த இதே மாதிரி ஆய்வு, 2 வயதுவரை மெலிந்திருந்து, அப்புறம் மளமளவென எடை ஏறியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று 2004-ல் காட்டியது.

2002-ல் இன்னொரு முயற்சி. ககன்தீப் காங் குழுவினர் வேலூரின் குடிசைப் பகுதிகளில் 452 பச்சைக்குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, மூன்று வயது வரை வாரம் இரண்டு முறை வீட்டுக்கே ஆளனுப்பி விசாரித்தார்கள். மெக்சிகோவில் இரண்டு முறை ரோட்டா வைரஸ் தாக்கிய குழந்தைக்கு அப்புறம் கடுமையான வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூரிலோ மூன்று முறை தாக்கிய பிறகும் பாதுகாப்பு 79 சதவிகிதம்தான்! விடாமல் பின்தொடர்ந்ததால் மட்டுமே தெரியவந்த உண்மை இது. பிற்பாடு இந்தியாவிலேயே உருவான ரோட்டா தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. 2016-ல் ரோட்டா சொட்டு மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.

சரி, இன்றைக்கு என்ன?

34 வாரத்துக்கு முன்பு பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்து ஒரு மாதத்துக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். நாள் தவறினால் பார்வையே போய்விடலாம். காது கேட்கிறதா, கழுத்து நிற்கிறதா, வயதுக்கேற்ற பேச்சு வருகிறதா என்பதெல்லாம் அதற்கப்புறம். 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டப்படி, பிறந்ததிலிருந்து 18 வயது வரை இலவசப் பரிசோதனை, மேற்கொண்டு கவனிக்க மாவட்ட மையங்கள் எல்லாம் உண்டு.

ஆனால், ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ‘திரும்ப வாங்க’வுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். பிள்ளை நன்றாகத்தானே பால் குடிக்கிறது, அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று அவள் நினைத்தால், அது அலட்சியமா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017-ல் வந்த சட்டத் திருத்தம். அந்தக் காப்பகத்துக்கே மாதம் ஒரு முறை டாக்டர் போனால் என்ன? குடியாத்தம் சாலையில் நூறு வருடத்துக்கு முன்பே முடிந்த காரியம்தானே!

அதுவரைக்கும் நாம் ஒன்று செய்யலாம். தெரிந்த வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்தால், ‘யார் ஜாடை?’ என்று கேட்பதற்கு முன்னால், ‘கண்ணைக் காட்டியாச்சா? காதைச் சோதிச்சாச்சா? மறுபடி எப்போ வரச் சொன்னாங்க?’ என்று கேளுங்கள்.