மெத்தனால்

மெத்தனால் என்பது தொழிலகங்களில் மிகுதியாகப் பயன்படும் கரிமக் கரைப்பான்களுள் ஒன்றாகும். மெத்தில் ஆல்ககால், மர ஆல்ககால், மரச்சாராயம் என்னும் பெயர்களும் இதற்கு உண்டு. இலங்கைத் தமிழில் இது மெதனோல் என எழுதப்படும். ஆல்ககால்களுள் மிக எளிய கட்டமைப்பு உடையது இதுவே. ஒரு கார்பன் அணு, நான்கு ஐதரசன் அணுக்கள், ஓர் ஆக்சிசன் அணு ஆகியவை மட்டுமே இதன் மூலக்கூற்றில் உள்ளன. மதுபானங்களில் உள்ள ஆல்ககால் எத்தனால் என்னும் வேறொரு சேர்மம் ஆகும். எத்தனால் போதை தருவது; மெத்தனால் பார்வையையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு. தமிழில் எழுதும்போது இரண்டு பெயர்களுக்கும் இடையே ஓரெழுத்தே வேறுபடுகிறது.

பெயர்

மரத்தைக் காற்றுப் புகாத கலத்தில் இட்டுச் சூடாக்கினால் கரி எஞ்சும். வெளியேறும் ஆவியைக் குளிர்விக்க, பல பொருள்கள் கலந்த ஒரு நீர்மம் கிடைக்கும். இம்முறையில் மரத்திலிருந்து பெற்ற நீர்மத்தில் இருந்து மெத்தனாலை முதன்முதலில் பிரித்தவர் இராபர்ட் பாயில் (1661). இதன் வேதியியல் அமைப்பை 1834 இல் பிரான்சு நாட்டு வேதியியலாளர்களான ழான் பாப்டிஸ்ட் டுமா, யூஜின் பெலிகோ ஆகிய இருவரும் கண்டறிந்தனர். கிரேக்க மொழியில் 'மெத்து' என்றால் மது, 'ஹுலே' என்றால் மரம். இவ்விரு சொற்களையும் இணைத்து 'மெத்திலீன்' என்ற பெயரை அவர்கள் உருவாக்கினர். மரத்தில் இருந்து வந்த மது என்பது கருத்து. ஹுலே என்பது காட்டையும் விறகையும் குறிக்கும் சொல்லாதலால் மரப்பொருளைச் சுட்ட அது பொருத்தமன்று என்று மொழியறிஞர் குறை கூறுவர். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. மெத்திலீனில் இருந்து மெத்தில் என்ற சொல்லும், மெத்திலில் இருந்து மெத்தேன், மெத்தனால் முதலிய சொற்களும் கிளைத்தன.

கிரேக்க 'மெத்து', வடமொழி 'மது' ஆகிய இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் இருந்து பிறந்தவை. எனவே தமிழில் வழங்கும் மது என்ற சொல்லும் மெத்தனால் என்ற சொல்லின் முற்பகுதியும் தொலைதூர உறவினர் ஆகும். ஆல்ககால் என்பது அரபு மொழியில் கண்ணுக்கு இடும் மையைக் குறித்த சொல்லில் இருந்து வந்தது. கண்ணைக் கெடுக்கும் ஒரு பொருளுக்கு இப்பெயர் அமைந்தது தற்செயலே.

1892 இல் ஜெனீவா நகரில் கூடிய வேதியியலாளர் மாநாடு கரிமச் சேர்மங்களுக்கு முறையான பெயரிடும் விதிகளை வகுத்தது. அவ்விதிகளின்படி மெத்தில் ஆல்ககால் 'மெத்தனால்' ஆயிற்று. இப்பெயர் மாற்றத்தால் ஒரு நடைமுறை நன்மையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் மணம் நீக்கித் தூய்மை செய்யப்பட்ட மர ஆல்ககால் 'கொலம்பியன் ஸ்பிரிட்' முதலிய வணிகப் பெயர்களில் விற்கப்பட்டது. ஆல்ககால், ஸ்பிரிட் என்ற சொற்களை நம்பி அதனைக் குடித்தவர்கள் இறந்ததையும் பார்வை இழந்ததையும் கேசி வுட், பிராங்க் புல்லர் என்னும் இரு கண் மருத்துவர்கள் 1904 இல் தொகுத்து வெளியிட்டனர். 'ஆல்ககால்' என்ற சொல் வெளிப்படையாக இல்லாத மெத்தனால் என்ற பெயர் இத்தகைய குழப்பத்தைக் குறைக்கக்கூடியது. தமிழில் 'மரச்சாராயம்' என்ற மொழிபெயர்ப்பைப் பாடநூல்களிலும் அறிவிப்புகளிலும் தவிர்ப்பதும் அக்காரணத்தாலேயே நல்லது.

இயல்புகள்

மெத்தனால் நிறமற்ற, எளிதில் ஆவியாகும் நீர்மம். கொதிநிலை 64.7 பாகை செல்சியசு. நீருடன் எல்லா விகிதத்திலும் கலக்கும். இதன் தீப்பற்றுநிலை ஏறத்தாழ 11 பாகை செல்சியசு ஆதலால் தமிழ்நாட்டின் வெப்பநிலையில் எப்போதும் தீப்பிடிக்கும் நிலையிலேயே இருக்கும். எரியும்போது எழும் வெளிர்நீலச் சுடர் பகலொளியில் கண்ணுக்குப் புலப்படாது.

பயன்கள்

கரைப்பானாகச் சாயம், வார்னிஷ், அச்சு மை, பசை ஆகியவற்றின் தயாரிப்பிலும், மருந்துத் தொழிலகங்களில் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுக்கவும் தூய்மை செய்யவும் மெத்தனால் பயன்படுகிறது. எனினும் உற்பத்தியாகும் மெத்தனாலின் பெரும்பகுதி பிற வேதிப்பொருள்களுக்கான மூலப்பொருளாகவே செலவாகிறது. அவற்றுள் முதன்மையானது பார்மால்டிகைடு. ஒட்டுப்பலகைகளை ஒட்டும் பிசின்கள் இதிலிருந்து செய்யப்படுகின்றன. அசெட்டிக் அமிலம், உயிரி டீசல் ஆகியவற்றின் உற்பத்திக்கும் மெத்தனால் தேவை. பெட்ரோலுடன் கலந்தும் தனித்தும் எரிபொருளாகப் பயன்படுத்துவதில் சீனா முன்னணியில் உள்ளது. அண்மை ஆண்டுகளில் மெத்தனாலில் இயங்கும் சரக்குக் கப்பல்களும் கடலில் இறங்கியுள்ளன.

உற்பத்தி

மரத்தில் இருந்து மெத்தனால் எடுக்கும் முறை 1923 வரையே முதன்மை பெற்றிருந்தது. அவ்வாண்டு ஜெர்மனியின் லாய்னா நகரில் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் கார்பன் மோனாக்சைடும் ஐதரசனும் கலந்த தொகுப்பு வாயுவை உயர் அழுத்தத்தில் வினையூக்கியின் மீது செலுத்தி மெத்தனால் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1960களில் பிரித்தானியாவின் ஐ.சி.ஐ நிறுவனம் செம்பு கலந்த வினையூக்கியைக் கொண்டு இதனைக் குறைந்த அழுத்தத்தில் செய்யும் முறையை உருவாக்கியது. இன்றும் உலகெங்கும் இம்முறையே பெரிதும் பின்பற்றப்படுகிறது. தொகுப்பு வாயு கிடைத்தால் போதும். அது இயற்கை வளியில் இருந்தும் வரலாம், நிலக்கரியில் இருந்தும் வரலாம். இயற்கை வளி குறைவாக உள்ள இந்தியா தனக்குத் தேவையான மெத்தனாலில் பெரும்பகுதியை மேற்காசிய நாடுகளில் இருந்து இறக்குமதி செய்கிறது.

நெய்வேலி

கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலிக்கு இத்தொழில்நுட்பம் முற்றிலும் புதியதன்று. 1930களில் சம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டதும், 1956 இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. அந்நிறுவனத்தின் தொடக்கத் திட்டத்தில் சுரங்கம், அனல் மின்நிலையம் ஆகியவற்றோடு யூரியா உரத் தொழிலகமும், நிலக்கரியைக் கட்டியாக்கிக் கரியாக்கும் தொழிலகமும் இடம்பெற்றிருந்தன. உரத் தொழிலகத்தில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, அதிலிருந்து கிடைத்த ஐதரசனைக் கொண்டு அம்மோனியா உருவாக்கப்பட்டது. இதற்குப் பயன்பட்டது விங்க்ளர் கலன் ஆகும். மெத்தனால் தொகுப்பு பிறந்த அதே லாய்னாவில்தான் 1926 இல் முதல் விங்க்ளர் கலனும் இயங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் நெய்வேலி உரத் தொழிலகம் நிலக்கரியைக் கைவிட்டு எரியெண்ணெய்க்கு மாறியது.

கரியாக்கும் தொழிலகத்தில் 'லெக்கோ' என்ற பெயரில் புகையற்ற அடுப்புக்கரி செய்யப்பட்டது. அதன் துணை விளைபொருள்களாகக் கார்பாலிக் அமிலம், கிரெசால் முதலிய வேதிப்பொருள்கள் கிடைத்தன. உரத் தொழிலகம், கரியாக்கும் தொழிலகம் ஆகிய இரண்டுமே பின்னர் மூடப்பட்டன.

2016 இல் என்.எல்.சி இந்தியா எனப் பெயர் மாறிய இந்நிறுவனம், 2020களின் தொடக்கத்தில் பழுப்பு நிலக்கரியில் இருந்து நாளொன்றுக்கு 1,200 டன் மெத்தனால் உற்பத்தி செய்யும் திட்டத்தை அறிவித்தது. இந்திய நிலக்கரிகளில் சாம்பல் மிகுதி. அது வாயுவாக்கலுக்குப் பெரும் தடை. நெய்வேலி நிலக்கரியில் சாம்பல் குறைவு. ஆனால் வெட்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருப்பதால் முதலில் உலர்த்த வேண்டியுள்ளது. நிலக்கரியில் இருந்து செய்யப்படும் மெத்தனால், இயற்கை வளியில் இருந்து செய்யப்படுவதைக் காட்டிலும் கூடுதலான கார்பன் டைஆக்சைடை வெளியேற்றும் என்பதும் கருதத்தக்கது.

நச்சுத்தன்மை

மெத்தனால் உடலுள் சென்றவுடன் பெருந்தீங்கு செய்வதில்லை. கல்லீரலில் உள்ள நொதியால் அது முதலில் பார்மால்டிகைடாகவும் பின் பார்மிக் அமிலமாகவும் மாற்றப்படுகிறது. இவ்வமிலமே உயிரணுக்கள் ஆக்சிசனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. கண் நரம்பு முதலில் பாதிக்கப்படுகிறது. இம்மாற்றத்துக்கு நேரம் பிடிப்பதால் குடித்த 12 முதல் 24 மணி நேரம் வரை அறிகுறிகள் தோன்றாமல் இருக்கலாம். எத்தனாலும் சேர்ந்திருந்தால் மேலும் தாமதமாகும். பின்னர் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, பனிமூட்டத்தில் நிற்பது போன்ற பார்வை மங்கல் ஆகியவை ஏற்படும். தூய மெத்தனால் 10 மில்லிலிட்டர் அளவே பார்வையைப் போக்கக்கூடும். 30 மில்லிலிட்டர் உயிரைப் போக்கக்கூடும்.

மேற்கண்ட நொதியின் செயலைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்தும், குருதியைத் தூய்மை செய்யும் டயாலிசிசும் சிகிச்சையில் பயன்படுகின்றன. நொதி மெத்தனாலை விட எத்தனாலையே விரும்பிப் பற்றுவதால், அம்மருந்து கிடைக்காத இடங்களில் மருத்துவர் கண்காணிப்பில் எத்தனால் கொடுப்பதும் உண்டு. இதனை வீட்டில் முயல்வது ஆபத்தானது. சேர்ந்து குடித்தவர்களுள் ஒருவருக்கு அறிகுறி தோன்றினாலும், நலமாக இருப்பதாகக் கருதும் மற்றவர்களும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

ஊறல் காய்ச்சும்போது தவறு நேர்ந்தால் சாராயம் மெத்தனால் ஆகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வெல்லம், அரிசி முதலியவற்றை நொதிக்க வைக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சிறிதளவே. பெருந்திரளான இறப்புகளில் காரணம் பெரும்பாலும் தொழிலகப் பயன்பாட்டுக்கான மெத்தனால் வழிமாறிச் சாராயத்தில் கலக்கப்படுவதே ஆகும். எத்தனாலை விட இது மலிவாகக் கிடைக்கிறது. முகர்ந்தோ சுவைத்தோ கண்டுபிடிக்க முடியாது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த இறப்புகள்

நெய்வேலியை அடுத்த பண்ருட்டிப் பகுதியில் 2001 இல் நச்சுச் சாராயத்தால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023 மே மாதத்தில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்த அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களுள் பலர் நாட்கூலித் தொழிலாளர். பெண்களும் இருந்தனர்.

1959 ஆம் ஆண்டு விதிகளின் தலைப்பிலேயே இயல்பு நீக்கிய ஸ்பிரிட், மெத்தில் ஆல்ககால், வார்னிஷ் ஆகிய மூன்றும் ஒன்றாக இடம்பெற்றுள்ளன. குடிப்பதற்கல்லாத கரைப்பான்கள் குடிக்கப்படுவது அக்காலத்திலேயே அரசு அறிந்திருந்த ஒன்று என்பது இதனால் தெரிகிறது. கள்ளக்குறிச்சி நிகழ்வுக்குப் பின், 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் 2024 இல் திருத்தப்பட்டு, உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராயக் குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை விதிக்க வழிசெய்யப்பட்டது.