அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட்.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1990-களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்ரோல் கார். வெளியே பார்த்தால் வழக்கமான அம்பாசடர். உள்ளே ஜப்பானின் இசுசு வடிவமைத்த 1817 சி.சி. என்ஜின். அதே நிறுவனத்தின் கான்டெசா கிளாசிக்கிலும் இருந்தது இந்த என்ஜின்தான். ‘இந்தியாவின் மசில் கார்’ என்று ரசிகர்கள் கொண்டாடும் கான்டெசாவுக்கு, கைக்கு எட்டுகிற மாற்று இது. ஆனாலும் தேடுவோர் குறைவு.

மசில் கார் என்ற வகை அமெரிக்காவில் 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வோடு சூடுபிடித்தது. அதில் 6.4 லிட்டர் வி8 என்ஜின் இருந்தது. அக்காலத்து செவர்லே இம்பாலா போன்ற பெரிய குடும்பக் கார்களிலும் வலுவான வி8 என்ஜின்கள் கிடைத்தன. ஜி.டி.ஓ. விலைக்கு அஞ்சுகிறவர்கள் அவற்றின் பக்கம் போவதுண்டு. நம் கதையும் அதுதான், அளவு மட்டும் சிறியது.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசடர் நெடுங்காலம் 1489 சி.சி. என்ஜினில் ஓடியது. பெட்ரோலுக்குச் சுமார் 50 குதிரைத்திறன், டீசலுக்கு 37. ஐ.எஸ்.இசட்.டுக்குச் சுமார் 75; ஸ்டியரிங் கியருக்குப் பதில் ஐந்து வேகத் தரை கியர். வாக்ஸ்ஹால் விக்டரின் உடலைக் கொண்ட கான்டெசாவும் 1984-இல் அந்த 1489 சி.சி. என்ஜினோடுதான் வந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த ஆரம்பகாலக் கான்டெசாவை ஐ.எஸ்.இசட். எளிதில் முந்தும். சென்னையில் 1985 முதல் தயாரான ஸ்டாண்டர்டு 2000-க்கும் இதே குறைதான்: ரோவர் எஸ்.டி.1-இன் அழகிய உடலுக்குள் பழைய வான்கார்டு என்ஜின்.

திருநெல்வேலி வட்டாரத்தில் அம்பாசடர் என்றால் டாக்சி ஸ்டாண்டு, கல்யாண வீடு, குற்றாலம் சீசன், அரசு அதிகாரியின் வெள்ளை வண்டி. பெரியவர்கள் வாயில் அது ‘பிளஷர்’. கண் பழகிய வண்டிக்கு மவுசு இல்லாமல் போனது. விலை அடங்கியிருப்பதற்கும் அதுவே காரணம். அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் குடும்பத்தோடு போய்வர, கூட்டம் ஏற ஏற முனகாத பெட்ரோல் அம்பாசடர் இது.

வாங்குகிறவர் முதலில் என்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். பெட்ரோல் அம்பாசடர்களின் என்ஜினைக் கழற்றி டீசல் என்ஜின் மாட்டுவது ஊரெங்கும் நடந்த வேலை, ஐ.எஸ்.இசட். என்று எழுதியிருந்தும் உள்ளே வேறு இருக்கலாம். அடுத்து தரைத்தகடு, கதவுக்கு அடிப்பகுதி. தூத்துக்குடி, திருச்செந்தூர்க் காற்றில் நின்ற வண்டியில் துரு தேடாமலே தென்படும். உடல் பாகங்கள் கிடைக்கும், டிங்கரிங் தெரிந்த கையும் கிடைக்கும். கான்டெசா என்றால் கண்ணாடிக்கும் விளக்குக்கும் அலைய வேண்டும். இசுசு என்ஜின் பாகங்களுக்கு மட்டும் இரு கார்க்காரர்களின் பாடும் ஒன்றே. வேகம் கூடினாலும் பின்னால் இருப்பது பழைய பட்டைவில் சஸ்பென்ஷன். நான்குவழிச் சாலையில் அதை நினைவில் வைத்து ஓட்டுவது நல்லது.

அம்பாசடர் தயாரான உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தியது. 50 ஆண்டு நிறையாததால் 2021-இன் விண்டேஜ் வாகனப் பதிவு விதி ஐ.எஸ்.இசட்.டுக்குப் பொருந்தாது, திருநெல்வேலியின் டி.என். 72 பலகையோடு நிற்கும் வண்டிக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை முடித்து ஆர்.சி.யைப் புதுப்பித்தே ஆக வேண்டும்.