நாம சேர்க்காத லைப்ரரி நம்ம சாஃப்ட்வேரில் வந்தது எப்படி? ஜாவா 'டிபென்டென்சி ட்ரீ' பார்ப்பது எப்படி?

2021 டிசம்பரில் உலகம் முழுக்க ஐடி துறையினரின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி ஒன்றுதான்: "நம்ம சாஃப்ட்வேர்ல லாக்4ஜே இருக்கா?" பலரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

சாஃப்ட்வேருக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் ஜாவா லைப்ரரிதான் லாக்4ஜே. அதில் இருந்த 'லாக்4ஷெல்' என்ற ஓட்டை வழியாக, எங்கிருந்தோ ஒருவர் சர்வருக்குள் தன் கோடை இயக்கிவிட முடியும். அதன் தீவிரத்துக்கு 10-க்கு 10 மதிப்பெண் தரப்பட்டது.

மறைமுக டிபென்டென்சின்னா என்ன?

கல்யாணத்துக்கு ஒருத்தரை அழைக்கிறோம். அவர் நண்பரோடு வருகிறார். நண்பர் தன் தம்பியையும் கூட்டி வருகிறார். ஜாவா புராஜெக்ட்டிலும் இதே கதைதான். நாம் ஒரு லைப்ரரியைச் சேர்த்தால், அதற்குத் தேவையான மற்ற லைப்ரரிகளும் கூடவே வந்துவிடும்.

மேவன் சென்ட்ரல் களஞ்சியத்தில் 35,000-க்கும் அதிகமான பேக்கேஜ்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது கூகுள் கணக்கிட்டது. அது மொத்தத்தில் 8 சதவீதத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றில் லாக்4ஜே நேரடியாக இல்லை. சிலவற்றில் 9 அடுக்கு ஆழத்தில் இருந்தது.

எப்படி கண்டுபிடிப்பது?

'போம்' ஃபைலைத் திறந்து பார்த்தால் போதாது. அதில் பொதுவாக நாம் எழுதியவை மட்டுமே இருக்கும்.

• மேவன் என்றால்: 'எம்விஎன் டிபென்டென்சி:ட்ரீ' கமாண்ட் கொடுங்கள். எந்த லைப்ரரி யார் வழியாக வந்தது என்பது மரம்போல கிளை கிளையாகத் தெரியும்.

• கிரேடில் என்றால்: 'டிபென்டென்சிஸ்' கமாண்ட் முழு மரத்தையும் காட்டும். ஒரு லைப்ரரியை மட்டும் துருவ, 'டிபென்டென்சி இன்சைட்'.

இங்கேதான் உஷார்!

ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்கள் வந்தால், மேவன் மரத்தில் மேலே, அருகில் இருப்பதை எடுக்கும். இரண்டாம் அடுக்கில் ஓட்டை உள்ள 2.14.1, மூன்றாம் அடுக்கில் 2.17.1 இருந்தால், ஜெயிப்பது பழசுதான்! கிரேடில் வழக்கமாகப் புதிய வெர்ஷனை எடுக்கும்.

சரிசெய்வது எப்படி?

முதலில், அதை அழைத்து வந்த லைப்ரரியை அப்டேட் செய்ய வேண்டும். அது முடியாவிட்டால் மேவனில் 'டிபென்டென்சி மேனேஜ்மென்ட்', கிரேடிலில் 'கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்' மூலம் பாதுகாப்பான வெர்ஷனைக் கட்டாயமாக்கலாம். 'எக்ஸ்க்ளூஷன்' போட்டு அடியோடு நீக்கினால், ஆப் ஓடும்போது பாதியில் நின்றுவிடும் ஆபத்து உண்டு.

மாற்றிய பிறகு மரத்தை மறுபடி பார்ப்பது அவசியம். இன்னொன்று: வேறு ஜார் ஃபைலுக்குள்ளேயே கலந்து பேக் செய்யப்பட்ட லைப்ரரி இந்த மரத்தில் தெரியாது. அதற்கு ஜார் ஃபைலின் உள்ளே பார்க்கும் ஸ்கேனர் தேவை.

லாக்4ஜேவுக்கு முதலில் வந்த 2.15.0 திருத்தமே முழுமையாக இல்லை. அடுத்தடுத்து புதிய வெர்ஷன்கள் வந்தன. அதனால் ஒருமுறை பார்த்தோம், முடிந்தது என்று விடாமல், ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் மரத்தைப் பார்ப்பதே நல்லது.