அங்கபாசமும் காரணியப் பெருக்கமும்

பாசம், அங்குசம், பாம்பு, உடுக்கை, கபாலம், சூலம், கட்வாங்கம், சக்தி, அம்பு, வில் என்னும் பத்தினையும் பத்துக் கரங்களில் ஏந்திய சிவபெருமான் திருவுருவம், அவற்றைக் கைக்குக் கை மாற்றி அமைப்பின் எத்தனை வேறுபாடுகளை அடையும்? தண்டு, சக்கரம், தாமரை, சங்கு ஏந்திய திருமாலுக்கு எத்தனை? இவ்வினாக்கள் சிற்ப நூலிற் காணப்படுவன அல்ல. கி. பி. 1150 ஆம் ஆண்டில் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய லீலாவதி என்னும் கணித நூலிலே, அங்கபாசம் என்ற பகுதியில் உள்ளவை.

விடை, திருமாலுக்கு 24, சிவபெருமானுக்கு 3,628,800. ஒரு நிமிடத்துக்கு ஓர் உருவமாக இரவு பகல் ஓயாது வரையினும் முடிப்பதற்கு 2,520 நாள் செல்லும். வரைந்து எண்ண இயலாததை வரையாமலே எண்ணித் தருகின்றது பாஸ்கரர் விதி. ஒன்று முதல் இடங்களின் தொகை வரையுள்ள எண்களை ஒன்றோடொன்று பெருக்குக என்பதே அது. இன்று நாம் காரணியப் பெருக்கம் என்று வழங்குவதும் இதுவே.

விதியின் காரணம் எளிது. முதற் கரத்தில் பத்தினுள் எதையும் வைக்கலாம், அடுத்த கரத்துக்கு எஞ்சுவன ஒன்பது, அதற்கடுத்ததற்கு எட்டு. இவ்வாறு குறைந்து சென்று இறுதிக் கரத்துக்கு ஒன்றே எஞ்சும். பரீட்சைக்காக விதியை மனனஞ் செய்து இக்காரணத்தை விட்டுவிடும் மாணவர், ஒத்த இலக்கங்கள் வருமிடத்துத் திகைப்பர். பாஸ்கரர் அவ்விடத்தையும் விட்டாரல்லர். 2, 2, 1, 1 என்பவற்றால் ஆகும் எண்கள் 24 அல்ல. ஒத்த இரண்டினை இடமாற்றுவதால் புதிய எண் பிறவாமையின், 24 ஐ இருமுறை இரண்டால் வகுக்க வேண்டும். 2211, 2121, 2112, 1221, 1212, 1122 என ஆறே உள.

இவ்வழி பாஸ்கரரோடு தொடங்கியதன்று. அவருக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட சமண ஆகமமாகிய அனுயோகத்வார சூத்திரம், ஆறு திரவியங்களை முறைமாற்றிக் கூறும் வகைகளை எண்ணுங்கால், ஒன்று முதல் ஆறு வரை பெருக்கி இரண்டைக் கழிக்கச் சொல்கின்றது. நேர்முறையும் அதன் தலைகீழ்முறையும் முறைமாற்றம் ஆகாமையின் அவை இரண்டும் நீங்கும். 720 இல் எஞ்சுவன 718. கழித்த அவ்விரண்டே, ஆசிரியர் பொருளுணர்ந்து பெருக்கினார் என்பதற்குத் தக்க சான்று.

குறியீடோ மிகப் பிந்தியது. எண்ணின் பின் வியப்புக்குறியிடும் வழக்கத்தை 1808 இல் கிறிஸ்தியான் கிராம்ப் புகுத்தினார். காரணி என்னும் பொருளுடைய சொல்லினின்று இப்பெருக்கத்துக்குப் பெயர் அமைத்தவர் ஆர்போகாஸ்ட். ஆங்கிலேயர் சிலர் அதனை ஏலாது, எண்ணின் இடப்புறமும் கீழ்ப்புறமும் கோடிட்டு எழுதினர். ஹால், நைற் இருவரும் எழுதிய உயர் அட்சரகணிதத்தில் அதனைக் காணலாம். குறி தோன்றிய ஆண்டைக் கருத்துத் தோன்றிய ஆண்டாகக் கொள்ளுதல் தவறு. அதுபோலவே, பிற்காலத்தார் கண்டனவற்றையெல்லாம் லீலாவதியுள் ஏற்றியுரைப்பதும் தவறு. பாஸ்கரர் விதி ஒன்றிலிருந்து தொடங்குகின்றது. பூச்சியத்தின் காரணியப் பெருக்கம் பற்றி அவ்விதி பேசவில்லை.

பூச்சியத்துக்கு 1 எனக் கொள்வது இக்காலத்து வழக்கு. மாணவர்க்கு இது விந்தையாகத் தோன்றும். ஆயின் நான்கின் பெருக்கமாகிய 24 ஐ 4 ஆல் வகுக்க மூன்றின் பெருக்கம் 6 வரும். அதனை 3 ஆல் வகுக்க 2. அதனை 2 ஆல் வகுக்க 1. ஒன்றின் பெருக்கமாகிய அதனை 1 ஆல் வகுப்பின், மீண்டும் 1.