73 வருஷம் காணாமல் போயிருந்த ஆனைமலைத் தவளை



போன வாரம் வகுப்பில் சாலமாண்டர் பாடம். ஈரமான மலைக்காட்டில் கல்லைப் புரட்டி, இலைச்சருகைக் கிளறித் தேடுவார்களாம். பக்கத்து பெஞ்ச் நண்பன் காதருகே, "அப்போ ஆனைமலைக்குப் போனா கிடைக்குமாடா?" என்றான்.

கிடைக்காது. இந்தியாவில் சாலமாண்டர் இனம் இருப்பது டார்ஜிலிங், சிக்கிம் போன்ற கிழக்கு இமயமலைப் பக்கமும் வடகிழக்கிலும்தான். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளவை தவளைகளும், மண்புழு மாதிரி காலே இல்லாத சிசிலியன்களும். ஆனால் அதே மாதிரி ஒரு தேடல் இங்கேயும் நடந்திருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் சி.ஆர். நாராயண ராவ் என்றொரு விலங்கியல் பேராசிரியர் இருந்தார். தென்னிந்தியத் தவளைகளைச் சேகரித்து, 1937ல் பல புது இனங்களை விவரித்து எழுதினார். அதில் ஒன்று ஆனைமலைப் புள்ளித் தவளை. ஒரு புது இனத்துக்குப் பெயர் வைத்தால், எதை வைத்துப் பெயரிட்டாரோ அந்த உடலை ஜாடியில் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னால் வருகிறவருக்கு சந்தேகம் வந்தால் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் வழி. ராவின் ஜாடிகள் பிற்பாடு தொலைந்து போயின. எப்பேர்ப்பட்ட இழப்பு! காட்டிலும் தவளை கண்ணில் படவில்லை, காலேஜிலும் இல்லை. மிஞ்சியது அவர் எழுதிய விவரிப்பு மட்டும். இதற்கிடையில் 1960களில் அதே மலைகளில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் அணைகள் எழும்பின. அந்தத் தவளை இருக்கிறதா, செத்துத் தீர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாத நிலை.

2010 ஆகஸ்டில், தொலைந்துபோன நீர்நில வாழ்விகளைத் தேடி உலகளவில் ஒரு இயக்கம் தொடங்கியது. மெக்சிகோவில் 1941க்குப் பிறகு யாரும் பார்க்காத ஒரு குகை சாலமாண்டர் கிடைத்தது. இந்தியாவில் டெல்லி பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜு அதே நவம்பரில் தேடலை ஆரம்பித்தார். தவளை தேடுவது என்றால் பெரும்பாலும் ராத்திரி வேலை. மழைக்காலம், தலையில் டார்ச், காலில் அட்டை, காதைத் தீட்டிக்கொண்டு சத்தம் வரும் திசையில் நடக்க வேண்டும் (நமக்கு கரண்ட் போனாலே பயம்!).

கிடைத்தது! பரம்பிக்குளத்தில், 73 வருஷம் கழித்து. 136 வருஷமாகக் காணாத இன்னொரு தவளையும் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே அகப்பட்டது. 2011 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. நொய்யலும் வேலையும் என்ன ஆகுமோ என்று ஊரே தவித்த நேரம். தவளைச் செய்தி யார் கண்ணில் பட்டிருக்கும்?

இத்தனைக்கும் பல்லடம், உடுமலைப் பக்கம் பி.ஏ.பி. வாய்க்காலில் ஓடுவது அந்த மலைத் தண்ணீர்தான்.

ராவை மறந்துவிடவில்லை. 2010ல் ஒரு தவளைப் பேரினத்துக்கே 'ராவோர்கெஸ்டிஸ்' என்று அவர் பெயரை வைத்தார்கள். 136 வருஷம் கழித்து அகப்பட்ட அந்த இன்னொரு தவளையும் இந்தப் பேரினம்தான்.