மடிக்கணினியும் உள்ளூர் வலையமைப்புகளில் கோப்புப் பகிர்வும்

இடம்விட்டு இடம் கொண்டுசெல்லப்படும் கணினியை வீடு, அலுவலகம், மாணவர் விடுதி போன்ற இடங்களில் உள்ள லேன் எனப்படும் உள்ளூர் வலையமைப்புகளில் மாறிமாறி இணைத்துக் கோப்புகளைப் பரிமாறுவது மடிக்கணினிப் பயன்பாட்டில் வழமையான ஒன்றாகும். மேசைக்கணினி ஒரே வலையமைப்பில் இருப்பதால் அதன் அமைப்புகளை ஒருமுறை செய்தாற் போதுமானது. மடிக்கணினியோ ஓரிடத்தில் செய்த அமைப்புகளை அடுத்த இடத்திற்கும் சுமந்து செல்கின்றது. இதனால் வேண்டிய இடத்தில் பகிர்வு இயங்காமற் போகலாம். வேண்டாத இடத்தில் இயங்கவும் செய்யலாம். முதலாவதைப் பயனர் உடனே அறிவார். இரண்டாவது பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. இக்கட்டுரை மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது.

முகவரி

வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐபி முகவரி தேவை. 1993 இல் வரையறுக்கப்பட்ட டிஎச்சிபி நெறிமுறை இம்முகவரியைத் தானாகவே வழங்குகின்றது. வீடுகளில் இப்பணியை ரவுட்டர் செய்யும். ஓரிடத்தில் தானியங்கு முகவரியும் மற்றோரிடத்தில் நிலையான முகவரியும் தேவைப்படின், விண்டோஸ் எக்ஸ்பி முதல் உள்ள மாற்று அமைவடிவ வசதியைப் பயன்படுத்தலாம். டிஎச்சிபி வழங்கி பதிலளிக்காதபோது, பயனர் முன்னரே கொடுத்துவைத்த முகவரியைக் கணினி எடுத்துக்கொள்ளும். அவ்வாறு எதுவும் கொடுக்கப்படவில்லை எனில் 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தானே அமைத்துக்கொள்ளும். பகிர்வு இயங்காதபோது இந்த எண் தென்பட்டால், கோப்புறை அமைப்புகளைக் கிளறுவதற்கு முன்னர் கம்பியையோ வயர்லெஸ் இணைப்பையோ சரிபார்ப்பது நன்று.

பணிக்குழுவும் பயனர் கணக்கும்

இரு கணினிகளின் பணிக்குழுப் பெயர் (வொர்க்குரூப்) ஒன்றாக இருந்தால் மட்டுமே கோப்புகளைப் பகிரலாம் என்பது பரவலான தவறான கருத்தாகும். பணிக்குழு என்பது கணினிகளைப் பட்டியலிட்டுக் காட்டும் ஒரு பெயர் மட்டுமே. பெயர் வேறுபட்டாலும், இரண்டு பின்சாய்வுக் கோடுகளைத் தொடர்ந்து கணினியின் பெயரையோ முகவரியையோ தட்டச்சு செய்து பகிர்வைத் திறக்கலாம். எனவே வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் செல்லுந்தோறும் பணிக்குழுப் பெயரை மாற்றிக் கணினியை மீளத் தொடக்கவேண்டியதில்லை.

உண்மையில் தடையாவது பெரும்பாலும் பயனர் கணக்கே. பணிக்குழுவில் ஒவ்வொரு கணினியும் தன் கணக்குகளைத் தானே வைத்திருக்கும். ஆகவே கோப்புறை எந்தக் கணினியில் உள்ளதோ, அதில் உள்ள கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் தேவை. கடவுச்சொல் இல்லாத கணக்கு வலையமைப்பு வழியாக வருவதை விண்டோஸ் முன்னிருப்பாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் திரையைத் திறக்கப் பயன்படும் பின் எண்ணும் இங்கு செல்லாது.

இடமறிதல்

2004 ஆகத்தில் வெளிவந்த எக்ஸ்பி சேவைப் பொதி 2, ஃபயர்வால் எனப்படும் தீயரணை முன்னிருப்பாக இயக்கியது. ஆனால் நிறுவனத்தின் டொமைன், மற்றவை என இரு வகைகளை மட்டுமே அத்தீயரண் அறிந்திருந்தது. வீட்டில் பகிர்வுக்காகத் திறந்துவிட்ட வழி உணவகத்து வயர்லெஸ் வலையமைப்பிலும் திறந்தே இருந்தது. 2007 இல் பரவலாக வெளிவந்த விஸ்டா, புதிய வலையமைப்பில் இணையும்போது அது வீடா, பணியிடமா, பொது இடமா எனக் கேட்கத் தொடங்கியது. விண்டோஸ் 8 முதல் இது தனிப்பட்டது, பொது என இரண்டாகச் சுருங்கியது. பொது எனக் குறிக்கப்பட்ட வலையமைப்பில் கணினி பிறருக்குத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

டொமைன் இல்லாத வலையமைப்பை விண்டோஸ் முக்கியமாக அதன் நுழைவாயிலின், அதாவது ரவுட்டரின், வன்பொருள் முகவரியைக் கொண்டே அடையாளம் காண்கின்றது. வீட்டு ரவுட்டரை மாற்றிய மறுநாள், வேறெதையும் தொடாமலே பகிர்வு நின்றுபோவதற்கு இதுவே காரணமாகும். கணினிக்கு அது புதிய இடம். அப்போது செய்யவேண்டியது அவ்வலையமைப்பைத் தனிப்பட்டது எனக் குறிப்பதே. தீயரணை முழுமையாக அணைத்துவிடுவது பலர் கையாளும் குறுக்குவழி. அதனால் மேற்கூறிய பாதுகாப்பு முழுதும் பயனற்றுப் போகின்றது.

பாதுகாப்பு

விண்டோஸ் கோப்புப் பகிர்வு 1983 இல் ஐபிஎம் நிறுவனத்தில் உருவான எஸ்எம்பி நெறிமுறையில் இயங்குகின்றது. இதற்கு 445 ஆம் எண் போர்ட் பயன்படுகின்றது. இதன் முதற் பதிப்பில் இருந்த வழுவைப் பயன்படுத்தியே 2017 மே 12 அன்று வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. இவ்வழுவுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இத்தகைய தீநிரல் பயனர் எதனையும் சொடுக்காமலே கணினியிலிருந்து கணினிக்குத் தாவும். அலுவலக வாயிலில் வலுவான தீயரண் இருப்பினும், வெளியே தொற்றுக்குள்ளான மடிக்கணினி மறுநாட் காலையில் அத்தீயரணுக்கு உட்புறத்திலேயே இணைக்கப்படுகின்றது.

2017 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு 1709 முதல், எஸ்எம்பி முதற் பதிப்பின் வழங்கிப் பகுதி முன்னிருப்பாக நிறுவப்படுவதில்லை. எக்ஸ்பிக்கு அம்முதற் பதிப்பு மட்டுமே தெரியும் என்பதால், பழைய எக்ஸ்பி கணினியிலிருந்து புதிய மடிக்கணினியின் பகிர்வைத் திறக்க இயலாது. இதற்காகப் பழைய நெறிமுறையை மீண்டும் இயக்குவதை விட, யூஎஸ்பி நினைவகத்தில் கோப்புகளை நகலெடுப்பதே மேல். விண்டோஸ் 7 உடன் 2009 இல் வந்த ஹோம்குரூப் வசதியும் 2018 இல் பதிப்பு 1803 இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதனை விளக்கும் பழைய கையேடுகள் இன்றைய கணினிகளுக்குப் பொருந்தா.